புயலுக்குப் பிறகு மண்டபத்தைத் திறக்கும்போது

பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியத்துக்குத் தெற்கே, வயலும் கால்வாயுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. தமிழ் வீடுகளும் பர்மிய வீடுகளும் கலந்தே இருக்கும். 2008 மே 2 ராத்திரி நர்கீஸ் புயல் வந்தபோது கூரையோடு நின்றவை இரண்டே இரண்டு: எங்கள் அம்மன் கோயில் மண்டபம், அப்புறம் பொங்கி மடம், அதாவது புத்த பிக்குகள் இருக்கும் மடம். மறுநாள் காற்று ஓய்ந்ததும் மண்டபத்தில் அடுப்பு மூட்டியது நான்தான். அன்றிலிருந்து பெருமழை, வெள்ளம் என்றால் சாவி என் இடுப்புக்கு வந்துவிடுகிறது.

முதலில் அடுப்பு, பேச்செல்லாம் அப்புறம். அரிசியில் ஒரு கை பருப்பும் வெங்காயமும் போட்டுக் கஞ்சி வைத்துவிடுங்கள், கூட்டம் தானாக வரும். கோயில் மண்டபம் என்பதால் பர்மியர் சாப்பாட்டில் சேர்க்கும் நப்பி, அதாவது புளிக்கவைத்த மீன், இறால் விழுது, எங்களிடம் உள்ளே வராது. வெளித் திண்ணையில் யாராவது வைத்துச் சாப்பிட்டால் கண்டுகொள்ளாதீர்கள். பசியில் இருக்கிறவரிடம் ஆசாரம் பேசி நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அரிசி பங்கிடுவதில்தான் ஊர் உடையும். முதல் நாள் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தேன். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒன்பது பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே அளவு! சாயங்காலத்துக்குள் சண்டை. அன்றே நோட்டு போட்டோம்: ஆள் எத்தனை, கைக்குழந்தை, கர்ப்பிணி, தினமும் மருந்து சாப்பிடுகிறவர் யார். எழுத ஒரு தமிழ்ப் பெண், பக்கத்தில் ஒரு பர்மியப் பெண். இரண்டு பேரும் பார்க்க எழுதினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அளக்கத் தராசு தேட வேண்டாம். நம் ஊரில் கெட்டிப்பால் டின் இல்லாத வீடு ஏது? பர்மிய அளவில் எட்டு டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை. பெரியவருக்கு நாளைக்கு இரண்டு டின், சிறு பிள்ளைக்கு ஒன்று என்று வைத்தோம். ஆனால் கடைசிவரை ஒரே டின்தான் இருக்க வேண்டும். விளிம்பு நசுங்கிய டின்னை எடுத்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். குவித்து அளக்காதீர்கள், விரலால் வழித்துவிடுங்கள், எல்லார் கண் முன்னாலும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பெஞ்சு மேல் ஏற்றுங்கள். நான் தரையில் வைத்து ஒரு மூட்டையைப் புளிக்க விட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கடல் ஏறின குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, ப்ளீச் ஊற்றினாலும் போகாது. இறைத்து, சேறு வாரி, மழைக்குக் காத்திருப்பதுதான் வழி. நல்லவேளை, மே கடைசியில் பருவமழை பிடித்துவிடும். குளம் சரியாகும்வரை தார்ப்பாயைச் சரிவாகக் கட்டி, மழைத் தண்ணீரைத் துவாந்தே ஊர்ப் பெரிய மண் சால்களில் பிடியுங்கள். தகரக் கூரையில் வரும் முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள். சால் வாயைத் துணியால் கட்டாவிட்டால் கொசு குடியேறும். உப்பில்லாத தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும். விறகு இல்லையென்றால், வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பேதி கண்டவருக்கு அதே சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை வழித்து.

கூரை போடும் வரிசையையும் நோட்டுதான் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் கிழவி, பிள்ளை பெற்ற வீடு முதலில். மண்டபத் தலைவர் வீடு கடைசியில். எங்கள் ஆட்கள் பத்துப் பேர் கூட்டமாகப் போனார்கள். கூரைக்கு டனி ஓலை (நிப்பா பனை ஓலை) முடைவதில் பர்மிய ஊலேக்களை, அந்தப் பெரியவர்களை, மிஞ்ச நம்மால் முடியாது, அவர்களிடம் விட்டுவிட்டு மூங்கிலைப் பிடித்துக்கொடுங்கள். குப்பைக் குவியலில் கை விடாதீர்கள், கழியால் கிளறுங்கள். தண்ணீருக்குத் தப்பின கண்ணாடி விரியன் அங்கேதான் ஒண்டியிருக்கும். கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

பிள்ளைகளுக்கு மண்டபத்தில் ஒரு மூலை ஒதுக்கி, பலகை, சாக்பீஸ், ஒரு அக்கா. அவ்வளவுதான். யாராவது பழைய கோட்டு சூட்டெல்லாம் மூட்டை கட்டி அனுப்புவார்கள். திட்டாமல் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் டீ போடுங்கள், பால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் ஆள் இழந்தவர்கள் பகலில் வாய் திறப்பதில்லை. ஒரு பர்மிய அம்மா நான்கு நாள் கிளாஸைக் கையில் பிடித்தபடி தூணோரம் உட்கார்ந்திருந்தார். நானும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து வந்து, என் கையிலிருந்த பால் டின்னை வாங்கி அரிசி அளக்க ஆரம்பித்தார்.