கிறிஸ்துமஸுக்கு ஓர் எண்ணெய்க் குளியல் பரிசுக் கூடை: முதன்முறை செய்வோருக்கு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் முழுவதும் ஒட்டடை அடித்து, அதிரசமும் அச்சுமுறுக்கும் சுட்டு, 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த கையோடு மறுநாள் விருந்துக்கு அடுப்பு மூட்டும் அம்மாவுக்கோ அண்ணிக்கோ அத்தைக்கோ, இன்னொரு கேக்கைவிட உடல் அசதி நீங்க ஒரு நல்ல குளியலே தேவைப்படுகிறது. அத்தகைய ஒருவருக்குக் கொடுக்கும் கூடையைச் சோப்பு, கிரீம், மெழுகுவத்தி என்று கண்டதையும் போட்டு நிரப்பவேண்டியதில்லை. ஓர் எண்ணெய்க் குளியலுக்கு வேண்டிய அனைத்தும் குறைவின்றி இருந்தால் போதும். பெறுபவர் கூடையை எடுத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போக முடியவேண்டும்.

காவிரி டெல்டாவில் இதைச் செய்பவர் முதலில் மழையைக் கணக்கில் கொள்ளவேண்டும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கும். அது ஓய்வதற்குள் மார்கழிப் பனி வந்துவிடும். ஈரக்காற்று பட்ட பொடி கட்டிபிடித்துப் பூசணம் பூக்கும் என்பதால், பொருட்களை நவம்பர் கடைசியிலேயே வாங்கி, வெயில் அடிக்கும் நாட்களைத் தவறவிடாமல் மாடியில் காயவைத்துவிடுங்கள்.

முதலில் கூடை. சீர்காழியிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், கொள்ளிடத்தை அடுத்த தைக்கால், பிரம்பு வேலைக்கும் கோரைப்பாய்க்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு முழ நீளத்தில், ஒரு சாண் உயரத்தில் கைப்பிடியுள்ள கூடை ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். உள்பக்கத்தைக் கையால் ஒருமுறை தடவி, பிரம்பு முனையோ ஆணியோ நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்து வாங்குங்கள். பனையோலைப் பெட்டியும் அழகுதான். ஆனால் எண்ணெய்ப் புட்டியின் கனத்தைப் பிரம்புதான் நன்றாகத் தாங்கும்.

இரண்டாவதாக, கூடையின் உயிரான, சோப்புக்குப் பதிலாக உடம்பில் தேய்த்துக் குளிக்கும் நலங்கு மாவு. இரண்டு கூடைகளுக்குப் போதுமான அளவு இது: பச்சைப்பயறு 250 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், உலர்ந்த ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு ஆகியவை தலா 50 கிராம், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் ஆகியவை தலா 25 கிராம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை நாட்டு மருந்துக் கடைகளில் இவை அனைத்தும் கிடைக்கும். ஆண்களுக்கான கூடை என்றால் மஞ்சளை விட்டுவிடலாம். கிழங்குகளைத் தட்டி உடைத்து, எல்லாவற்றையும் ஒடித்தால் 'பட்' என்று முறியும் பதத்துக்குக் காயவையுங்கள். வெட்டிவேரைக் கத்தரியால் விரற்கடை நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளவேண்டும். நீளமாகப் போட்டால் அரைக்கும்போது சுற்றிக்கொள்ளும். மாவு மில்லுக்குக் கொண்டுபோகும்போது, மிளகாய் அரைத்த கையோடு இதைப் போடாமல், அரிசி அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள். முகத்தில் பூசும் மாவில் மிளகாய்க் காரம் சிறிதும் சேரக்கூடாது. அரைத்த மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து மாவு கெட்டுவிடும். எனவே செய்தித்தாளில் அல்லாமல் வெள்ளைத் துணியில் பரப்பி, நன்றாக ஆறியபின் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் நிரப்புங்கள்.

சீயக்காய்த் தூளுக்கும் இதே பக்குவம்தான். சீயக்காய் 250 கிராமுக்குப் பச்சைப்பயறு 100 கிராம், வெந்தயம் 50 கிராம், ஒரு கைப்பிடி உலர்ந்த செம்பருத்தி இலை என்ற அளவு தலைமுடியை அதிகம் வறட்டாது.

எண்ணெய்க்குச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் 200 மில்லி போதும். புட்டியை வெந்நீரில் கழுவி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் வெயிலில் காயவைத்த பிறகே ஊற்றவேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெய் விரைவில் சிக்குவாடை அடிக்கும். பத்து மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் சிறு பொட்டலமாகக் கட்டிப் புட்டியின் கழுத்தில் தொங்கவிட்டால், பெறுபவர் எண்ணெயைக் காய்ச்சும்போது போட்டுக்கொள்வார்.

இவற்றோடு ஒரு கைத்தறித் துண்டு, கொஞ்சம் சாம்பிராணி, சுக்குமல்லிக் காப்பித்தூள் ஒரு பொட்டலம், கருப்பட்டி இரண்டு துண்டு ஆகியவற்றைச் சேருங்கள். துண்டை ஒருமுறை கஞ்சி போகத் துவைத்து மடித்து வையுங்கள். புதுத் துண்டு தண்ணீரை இழுக்காது. கருப்பட்டி இந்தப் பருவத்தில் கசியும் என்பதால் அதைத் தனி டப்பாவில் அடைப்பது நல்லது.

அடுக்கும் முறை எளிது. அடியில் வைக்கோல் பரப்பலாம் என்று தோன்றும். ஆனால் டிசம்பரில் சம்பா இன்னும் வயலில் நிற்கும், மழையில் அறுத்த குறுவை வைக்கோலில் ஈரவாடை இருக்கும். திருவையாற்றுப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் வாழைச் சருகைக் காயவைத்துப் பரப்பினால் சுத்தமாக இருக்கும். கனமான புட்டியை நடுவிலும், குப்பிகளை அதன் இருபுறமும், துண்டை முன்பக்கமும் வைத்து, கைப்பிடியில் ஒரு சிறு காகித நட்சத்திரத்தைக் கட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் கையெழுத்தில் ஒரு வாழ்த்து அட்டை. அதன் பின்புறத்தில் அரைத்த தேதி, பயன்படுத்தும் முறை, நலங்கு மாவை முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்க்கவேண்டும், சீயக்காய் கண்ணில் படக்கூடாது, சளியோ காய்ச்சலோ இருக்கும்போது எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். வயதானவர்களுக்கு என்றால், எண்ணெய் சிந்திய தரை வழுக்கும் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். இரைப்பு உள்ளவர்களின் கூடையில் சாம்பிராணியைத் தவிர்த்துவிடுங்கள். கூடையை 23ஆம் தேதிக்குள் கொடுத்துவிட்டு, விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள் காலை அவர் நிதானமாகக் குளித்து முடிக்கும்வரை சமையலை நீங்கள் பார்த்துக்கொள்வதாக அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.