1.9-ஐ விட 1.10 புதியது: பதிப்பு எண்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருளின் பதிப்பு எண் பார்வைக்குத்தான் எண். பரவலாகப் பின்பற்றப்படும் செம்வெர் என்ற பதிப்பு எண் விதிமுறையில், 1.10.0 என்பது மேஜர், மைனர், பேட்ச் என்ற மூன்று தனி எண்கள். தசம எண்ணாக எடுத்துக்கொண்டால் 1.10 என்பது 1.1 ஆகிவிடும். அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் (YAML) கோப்பில் பைத்தான் பதிப்பை மேற்கோள் குறியில்லாமல் 3.10 என்று எழுதினால், கருவி 3.1-ஐத் தேடிக்கொண்டு நிற்பது இதனால்தான். ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக, ஒப்பிட்டாலும் சிக்கல் தீராது. எழுத்து வரிசையில் 9-க்கு முன்பே 1 வந்துவிடுவதால், 1.10.0 பழையதாகவும் 1.9.0 புதியதாகவும் தோன்றும். மைனர் எண் இரண்டு இலக்கத்தைத் தொடும்வரை இந்தப் பிழை தலைகாட்டாது என்பதுதான் ஆபத்து. அதுவரை எல்லாச் சோதனைகளும் தேறிவிடும்.

மேஜரை 10000-ஆலும் மைனரை 100-ஆலும் பெருக்கி, பேட்சைக் கூட்டி ஒரே எண்ணாக்கும் குறுக்குவழியும் உண்டு. அதில் 1.100.0, 2.0.0 இரண்டுமே 20000! புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக்கி, இடமிருந்து வலமாக ஒப்பிடுவதே சரி.

அதிகம் பேர் சறுக்குவது, இறுதி வெளியீட்டுக்கு முன் சோதனைக்காக வரும் முன்வெளியீடுகளில்தான். 1.0.0-பீட்டா என்பது 1.0.0-க்கு முந்தையது. நீளமான ஸ்ட்ரிங் பின்னால் வரும் என்ற வழக்கமான வரிசை இங்கே தலைகீழ். லினக்ஸில் சார்ட் கட்டளையின் பதிப்பு வரிசையை நம்பினாலும் 1.0.0-க்குப் பிறகுதான் பீட்டா வந்து நிற்கும். பீட்டா.2-ஐ விட பீட்டா.11 பெரியது, ஆனால் புள்ளியை விட்டு பீட்டா11 என்று எழுதிவிட்டால் அது எழுத்துத் துண்டாகிவிடும், பீட்டா2-ஐ விடச் சிறியதாகிவிடும். வெளியீட்டுக்குப் பெயர் வைப்பவர் நீங்களென்றால் அந்தப் புள்ளியைத் தயவுசெய்து விடாதீர்கள்.

பிரிக்கும் வரிசையும் முக்கியம். 1.4.0+லினக்ஸ்-64 போன்ற பதிப்பை முதலில் இடைக்கோட்டில் வெட்டினால், நிலையான வெளியீடு முன்வெளியீடாகிவிடும். கூட்டல் குறிக்குப் பின்னுள்ள பில்டு விவரத்தை (மென்பொருள் எப்படி உருவாக்கப்பட்டது என்ற குறிப்பை) முதலில் கழற்றுங்கள். அது முந்தையது எது, பிந்தையது எது என்பதைத் தீர்மானிக்காது.

பூஜ்யத்தில் தொடங்கும் பதிப்புகளில் எப்போது வேண்டுமானாலும் எதுவும் மாறலாம் என்பது விதி. அதனால்தான் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் (npm) கருவியில் ^1.2.3 என்றால் 2.0.0-க்கு முன்புவரை ஏற்கும், ^0.2.3 என்றால் 0.3.0-க்கு முன்பே நின்றுவிடும்.

பைத்தான் தொகுப்புகளுக்கு பெப் 440 என்ற தனி விதி இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் இடைக்கோட்டுக்கு வேறு பொருள். ஒன்றின் விதியை இன்னொன்றில் பொருத்தாதீர்கள். அந்தந்தச் சூழலின் லைப்ரரியே போதும். சொந்தமாக எழுதியே ஆக வேண்டுமென்றால், செம்வெர் 2.0.0 ஆவணம் தரும் இந்த ஏறுவரிசையை உங்கள் நிரல் அப்படியே தருகிறதா என்று பாருங்கள்: 1.0.0-ஆல்ஃபா, 1.0.0-ஆல்ஃபா.1, 1.0.0-ஆல்ஃபா.பீட்டா, 1.0.0-பீட்டா, 1.0.0-பீட்டா.2, 1.0.0-பீட்டா.11, 1.0.0-ஆர்சி.1, 1.0.0.