ஷெல்டி குட்டிகள்: பாலுக்கு முன் சூடு

பிறந்த ஷெல்டி (ஷெட்லாண்ட் ஷீப்டாக் என்ற நாய் இனம்) குட்டி சோர்ந்து கிடந்தால் உடனே பால் புகட்டத்தான் கை போகும். வேண்டாம். முதலில் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் நெஞ்சோடு அணைத்து மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் செரிக்காது, புரையேறவும் செய்யும். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அந்த வயதில் அதனால் முடியாது. முதல் வாரம் படுக்கைப் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால் நல்லது, பாவம், தாய்க்கும் புழுங்கும்.

அப்புறம், சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். 7 முதல் 10 நாளில் பிறந்த எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். முதல் நாளுக்குப் பிறகும் எடை ஏறவில்லையா? அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.