செவ்வாய்க் கோளின் காற்று: அட்டையில் எழுதும் முன்

மலேசியாவின் தாப்பாவில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போவது வழக்கம். செவ்வாயைப் பற்றி ஓர் அட்டையாவது இருக்கும். நடுவில் ஒரு வட்டம், அதில் சிவப்பு மையில் '95 விழுக்காடு கரிவளி' (கார்பன் டை ஆக்சைடு). எண் சரிதான். பிழைகள் கிளம்புவதும் அந்த வட்டத்திலிருந்துதான்.

விழுக்காடு பங்கைச் சொல்லும்; மொத்தம் எவ்வளவு என்று சொல்லாது. செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 6 மில்லிபார். நம் கடல்மட்டத்தில் 1013. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இங்கிருந்து கேமரன் மலைக்கு ஏறினாலே 95 பாகை செல்சியசில் கொதித்துவிடுகிறது. செவ்வாயில் அது சுழியத்தை ஒட்டியே கொதிக்கும். ஆகவே 'ஆறு ஓடுகிறது' என்று எழுதாதீர்கள். ஓடியது, பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

போன முறை ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னை மடக்கினாள். "ஐயா, கரிவளி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்கிறீர்கள். அவ்வளவு இருந்தும் அங்கே ஏன் குளிர்?"

'மெல்லிய காற்று, அதனால் கரிவளியும் குறைவு' என்று சொல்லித் தப்பிக்க நினைத்தேன். அதுவும் தவறு. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலுள்ள கரிவளியைக் கணக்கிட்டால், பூமியைவிடச் செவ்வாயில்தான் பல மடங்கு அதிகம். ஆனால் அழுத்தம் குறைந்த காற்றில் அது வெப்பக் கதிர்களின் குறுகிய சில பட்டைகளையே பிடிக்கிறது. நம் ஊர் இரவுகளைப் புழுங்க வைக்கும் நீராவியும் அங்கே இல்லாத குறைதான். சூரியனும் தொலைவு. சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 60 பாகை அளவில் நிற்கிறது.

புழுதிப் புயலில் ராக்கெட் சாய்வதுபோல் வரைவது பிள்ளைகளுக்குப் பிடித்த காட்சி. அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இங்கே 13 கிலோமீட்டர் காற்றைப்போலத்தான் தள்ளும். செம்பனை ஓலை அசையும், அவ்வளவே. ஆனால் புழுதி வெளிச்சத்தை மறைக்கும். 2018இல் செவ்வாயில் ஊர்ந்துகொண்டிருந்த ஆப்பர்ச்சூனிட்டி ஆய்வு ஊர்தி சூரிய ஒளி கிடைக்காமல்தான் மௌனமானது.

வானத்தை நீலமாகத் தீட்டியவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலம் அனுப்பிய முதல் வண்ணப்படமே நீல வானத்தோடு வெளியாகிப் பிறகு திருத்தப்பட்டது. சூரியன் மறையும்போது அதைச் சுற்றி நீலம் இருக்கலாம். பகலில் பழுப்பு மஞ்சள்தான்.

அந்த மாணவி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டை வைத்துப் பூமியின் அழுத்தத்துக்கு ஒரு வட்டம் போட்டாள். செவ்வாய்க்கு இருபது சென் காசு. அதற்குள் '95 விழுக்காடு' என்று எழுதப் பார்த்தாள். எழுத்து வெளியே வழிந்தது.