நிழலைப் பார்த்து வெயில் காயுங்கள்

வைட்டமின் டி-க்காகக் காலை ஆறரைக்கே மொட்டைமாடியில் நிற்கிறீர்களா? நடைக்கு நல்லது, வைட்டமினுக்குப் போதாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழ வேண்டும், அதுதான் கணக்கு. சென்னையில் சித்திரையில் ஒன்பது மணி வாக்கில், மார்கழியில் பத்தேகாலுக்கு. கை, கால் திறந்திருக்க ஒரு பதினைந்து நிமிடம். தோல் சிவக்க விடாதீர்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் சூடு மட்டும்தான் மிச்சம், தேவையான புறஊதாக் கதிர் உள்ளே வராது.

சரி, வைட்டமின் டி ஃப்ளூவுக்கு உதவுமா? ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் தினமும் 1,200 யூனிட் டி3 (வைட்டமின் டி-யின் ஒரு வடிவம்) கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவு: ஏ வகை ஃப்ளூ அவர்களில் 10.8%, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 18.6%. பி வகையில் பலன் தெரியவில்லை. அதனால் ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போட இதைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.