மலைவெயில் சுடாது, ஆனால் தார்ப்பாயை இற்றுப்போக வைக்கும்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெயில் உடம்பில் உறைப்பதில்லை. அதனால் வெளியே கிடக்கும் தார்ப்பாய், கயிறு, சாக்கு எல்லாம் சமவெளியைவிட இங்கே நீடித்து உழைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். முதல் தவறே அதுதான். செயற்கை இழையைக் கெடுப்பதில் சூட்டைவிட புற ஊதாக் கதிருக்கே பெரிய பங்கு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு அது சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

அடுத்தது, பழைய உரச்சாக்கை நம்புவது. அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. கதிரைத் தாங்கும் மருந்து சேர்க்காவிட்டால் வெட்டவெளியில் சில மாதங்களே தாங்கும். மடிப்பை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைச் செதிலாக உதிரும். கேரட் தோட்டத்து மண்ணில் விழுந்த அந்தச் செதிலை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. மண் சரிந்த இடத்தில் அடுக்கும் மணல்மூட்டையிலும் இதே கதைதான்: வெயில் படும் பக்கம் இற்றுப்போய், மழைக்காலத்தில் மணல் ஒழுகிவிடும். அடுக்கியதும் மேலே மண் போட்டு மூடிவிட வேண்டும்.

கயிறு வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். ‘நைலான் கயிறு’ என்று தருவது பல நேரம் பாலிபுரோப்பிலீன்தான். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கி, காற்றுக்குமிழ் போனபின் விடுங்கள். மிதந்தால் அது நைலான் இல்லை, நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். உண்மையான நைலான் உறுதியானது, இழுபட்டுக் கொடுக்கும். ஆனால் நனைந்தால் பலம் குறையும், வெயிலிலும் நைந்துபோகும். ஆண்டு முழுக்க வெளியிலேயே கட்டிக் கிடக்கும் கயிறென்றால் என் தேர்வு பாலியஸ்டர்தான்.

வாசல் பந்தல் துணிக்கு, இழையிலேயே நிறம் ஏற்றிய அக்ரிலிக் வெயிலை நன்றாகத் தாங்கும், விலைதான் கூடுதல். கண்ணாடி ஜன்னலுக்குள் தொங்கும் திரைக்குப் பாலியஸ்டரே போதும், அதை அதிகம் கெடுக்கும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கறுப்பு சூட்டை இழுக்கும், சீக்கிரம் கெடும் என்று ஒதுக்குவதும் தவறு. கார்பன் கரி கலந்த கறுப்பு வலையும் கயிறும்தான் கதிரை மிக நன்றாகத் தாங்குபவை.

நிறம் வெளுக்காததால் பலமும் குறையவில்லை என்று எண்ணாதீர்கள். முறுக்கைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வெளியிழை பஞ்சுபோல் சிலும்பி நகம் பட்டதும் பொடியானால், மாடு கட்டவோ மரம் ஏறவோ அந்தக் கயிறு வேண்டாம்.