போரின் சொற்களை ஆராயக் கூடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

கலைஞர்களும் ஆய்வாளர்களும் போரின் மொழியைப் பற்றிப் பேசக் கூடினால், முதல் நாள் பலகையில் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் ஏறும். 'கொலாட்டரல் டேமேஜ்' (பக்கச் சேதம்) என்று எழுதாதே, பொதுமக்கள் கொலை என்று எழுது. இடக்கரடக்கலை உரித்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கைதான் முதல் தவறு.

கரோல் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் அணு ஆயுத வியூக வல்லுநர்கள் நடுவே சென்று அவர்களுடைய மொழியைக் கற்றார். 1987-இல் வெளியான அவருடைய கட்டுரை பட்டியலோடு நிற்கவில்லை. கற்கக் கற்க அந்தப் பேச்சு அவருக்கே பிடித்துப்போனது. பேசப் பேச உற்சாகமாக இருந்தது. ஆனால் அதில் குண்டு போடுகிறவராகத்தான் பேச முடியும், குண்டுக்குக் கீழே இருப்பவருக்கு அங்கே இடமே இல்லை. அமைதி என்று சொல்லவும் வழியில்லை. கிட்டத்தட்ட வருவது 'வியூக நிலைத்தன்மை'. சொற்களை மட்டும் மாற்றினால், பேசுகிறவர் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறார்.

இன்னொன்று: போர்ச்சொல் எதையோ மூடிமறைக்கும் திரை மட்டும் என்று எண்ணுவது. 2009-இல் இலங்கையின் வன்னியில் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவிக்கப்பட்டதும் மக்கள் அதை நம்பி மூட்டை முடிச்சோடு அங்கே போனார்கள். அப்படி அறிவித்த மூன்று வலயங்களிலும் அரசப் படைகள் பெருமளவில் ஷெல் அடித்ததாக ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. அந்தச் சொல்லே ஆட்களை இடம் நகர்த்தியது. யார் அறிவித்தார்கள், கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடாமல் சொல்லை மட்டும் அலசும் கருத்தரங்கு அரைக் கிணறு தாண்டியதுதான்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது வேறு. கருத்தாக்கத்தை ஆய்வாளர்கள் முடித்து வைத்துவிட்டு, அட்டைப்படம் போடுவதற்குக் கலைஞரைக் கூப்பிடுவார்கள். கலைஞரால் கருத்தாக்கத்தையே உண்டாக்க முடியும். கொழும்புச் சோதனைச் சாவடிகளில் உருமறைப்பு வண்ணம் பூசிய பீப்பாய்கள் நகரத்தின் சாதாரணப் பொருளாகிவிட்ட காலத்தில், 1997-இல் இலங்கை ஓவியர் சந்திரகுப்த தேனுவர தன் கலைக்கு 'பேரலிசம்' என்று பெயரிட்டார்; பேரல் என்றால் பீப்பாய். போர் பழகிப்போவதைச் சொல்ல அந்த ஒரு சொல் போதும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011-இல் ஒரு நூல் வெளியிட்டார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்கு வைத்து, முற்றுப்பெறாத தோம்பு என்றார். இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தந்த தளப்படம், அதைக் கட்டடக் கலை முறையில் வரைந்த படம், அவருடைய சொந்த ஓவியம் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்து வருகின்றன. வீட்டுக்காரரின் கோடு கோணலாக இருந்தாலும் அது தன் இடத்தில் இருக்கிறது. நேர்கோடு வந்துவிட்டதென்று அதைத் தூக்கி எறியவில்லை. சாட்சி சொன்னவரின் பேச்சை வாங்கி, திருத்தி, சுருக்கி, 'தரவு' ஆக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த அடுக்கைக் கவனிக்க வேண்டும். இழந்தவர் இங்கே படத்தின் ஆசிரியர்களில் ஒருவர்.

இதைப் பார்த்தவுடன் எல்லா ஊரிலும் வீட்டுப்படம் வரையச் சொல்லிக் கிளம்புவதும் தவறுதான். கட்டடக் கலை முறைகளால் மனித உரிமை மீறல்களை ஆராயும் லண்டனின் ஃபாரன்சிக் ஆர்கிடெக்சர் குழு 2016-இல் சிரியாவின் சைத்நாயா சிறையை அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்போடு சேர்ந்து கணினியில் மாதிரியாகக் கட்டியபோது, கைதிகளின் காதில் விழுந்ததுதான் கைகொடுத்தது. அவர்கள் கண் கட்டப்பட்டோ இருட்டிலோ இருந்ததால் பார்வை நினைவு குறைவு. ஒலிக்கலைஞர் லாரன்ஸ் அபு ஹம்தான் அதனால்தான் அங்கே தேவைப்பட்டார். மூடிக்கிடந்த சிறைக்குள் என்ன நடக்கிறது என்று அந்தக் கணினி மாதிரி உலகத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. தோம்புக்கு அந்த வேலை இல்லை; முற்றத்து மரம் இரண்டடி தள்ளி வரையப்பட்டிருந்தால் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

கடைசியாகக் காலக்கெடு. சனாதனன், தேனுவர, ஜகத் வீரசிங்க, முஹன்னத் காதர் ஆகிய இலங்கை ஓவியர்கள் நால்வரும் ஒருவர் ஓவியத்துக்கு அடுத்தவர் ஓவியத்தால் பதில் சொல்லி அஞ்சலில் அனுப்பிக்கொண்டார்கள். ஓராண்டுத் திட்டம் என்றுதான் பெயர். 2005 மே மாதம் தொடங்கியது 2007 அக்டோபரில்தான் 208 ஓவியங்களோடு முடிந்தது. அதற்குள் போர் நிறுத்தம் குலைந்து நாடு மறுபடி முழுப் போருக்குள் போய்விட்டிருந்தது. மூன்று நாள் பட்டறைக்கு நிதி கேட்பவர்கள், விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் விளைவு' என்ற கட்டத்தைக் கொஞ்சம் காலியாக விடலாம்.